நாவறியா நஞ்சு

நுழையும்முன்

கரிசல் நிலத்து மக்கள் நீரின் அருமையைப் பெய்த மழையிடமிருந்தும் பொய்த்த மழையிடமிருந்தும் கற்றவர்கள். கிணற்றில் நீர் குறைவதைக் கண்ணால் காண்பர். உவர்ப்பதை நாவால் உணர்வர். ஆனால், தொழிற்கழிவிலிருந்து நிலத்தடி நீரில் கலக்கும் சில நஞ்சுகளுக்கு நிறமில்லை, மணமில்லை, நா உணரும் சுவையுமில்லை. அத்தகைய நஞ்சை அளந்து அறிவது யார் பொறுப்பு என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

கிணறு என்னும் சேமிப்பு

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர், சிவகாசி, அருப்புக்கோட்டை எனப் பரந்து கிடக்கும் கரிசல் பூமி வானம் பார்த்த பூமி. வைப்பாறு மழைக்காலத்தில் மட்டுமே நீர் காணும். வடகிழக்குப் பருவமழை கைகொடுத்தால் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விளையும். பொய்த்தால் மண் மட்டுமே மிஞ்சும். ஆகவேதான் மானாவாரி வேளாண்மையை ஆராய்வதற்கு 1901ஆம் ஆண்டிலேயே கோவில்பட்டியில் ஆய்வுப் பண்ணை அமைந்தது.

இத்தகைய நிலத்தில் கண்மாயும் ஊருணியும் ஓராண்டு மழையின் வரவு; கிணற்று நீரோ பல்லாண்டு மழையின் சேமிப்பு. ஆற்றில் கலந்த அழுக்கை அடுத்த வெள்ளம் அடித்துச் செல்லக்கூடும். நிலத்தடி நீர் அவ்வாறு விரைந்து ஓடுவதன்று. பாறை இடுக்குகளில் மெல்ல ஊர்ந்து செல்லும் அந்நீரில் ஒருமுறை நஞ்சு கலந்துவிட்டால், அது நீங்கப் பல பத்தாண்டுகள் ஆகலாம். சேமிப்பை இழந்த குடும்பம் அடுத்த பஞ்சத்தை எதிர்கொள்ள இயலாததுபோல, கிணற்றை இழந்த ஊரும் அடுத்த வறட்சியை எதிர்கொள்ள இயலாது.

கோவில்பட்டி நகருக்குச் சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணி நீர் வருகிறது. சிற்றூர்கள் பலவற்றுக்கும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் உள்ளன. எனவே கிணற்றைப் பற்றிய கவலை வேண்டா என்பார் உளர். குழாயில் நீர் வராத நாளில் மக்கள் செல்லும் இடம் எது? ஆடும் மாடும் குடிப்பது எந்த நீரை? குளிப்பதும் துவைப்பதும் காய்கறிப் பாத்திக்குப் பாய்ச்சுவதும் எந்த நீரால்? குழாய்நீர் கிணற்றுக்குத் துணையாகலாம், மாற்றாகிவிடாது.

மண்ணின் வெடிப்பும் நஞ்சின் வழியும்

கரிசல் களிமண் நிலம். நனைந்தால் உப்பி இறுகி நீரை எளிதில் கீழே விடாது. இதனைக் கொண்டு, கரிசலில் கொட்டிய கழிவு மேலேயே தங்கிவிடும் என்று கருதுவோர் உண்டு. அக்கருத்து பாதி உண்மையே. கோடையில் இம்மண் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். ஒரு மீட்டருக்கும் கீழே செல்லும் வெடிப்புகளை மாடு மேய்ப்போரும் அறிவர். கோடைக்குப் பின் பெய்யும் முதல் மழை மண்ணில் ஊறி இறங்குவதற்குமுன், அவ்வெடிப்புகளின் வழியே நேராக ஆழத்திற்குப் பாய்கிறது. நிலத்தின்மேல் ஓராண்டாகக் கிடந்த கழிவின் உப்புகளையும் கரைத்துக்கொண்டே அது செல்கிறது. கீழே சுக்கான் படிவும் சிதைந்த பாறையும் உள்ளன. பாறையின் இடுக்கு எந்தக் கிணற்றோடு தொடர்புடையது என்பதை மேலிருந்து எவரும் சொல்ல இயலாது.

இதனினும் நேரான வழி ஒன்றுண்டு. அது பாழுங்கிணறு. நீர் வற்றிய கிணறும் கைவிடப்பட்ட கல்குழியும் குப்பை கொட்டுவதற்கென்றே அமைந்தவை போலப் பலர் கண்ணுக்குத் தோன்றுகின்றன. உண்மையில் அவை நீர்மட்டத்தை நோக்கித் தோண்டப்பட்ட வாயில்கள். அவற்றில் கழிவைக் கொட்டுவது அண்டைக் கிணறுகளில் கொட்டுவதற்கு ஒப்பாகும்.

சிவகாசி நீர் சொன்ன செய்தி

கரிசல் பூமியின் தொழில்கள் தீப்பெட்டியும் பட்டாசும். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர். அத்தொழில் சிவகாசியிலிருந்து சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் பரவியது. தீக்குச்சி மருந்தில் முதன்மையானது பொட்டாசியம் குளோரேட்டு. சிறிதளவு டைகுரோமேட்டும் அதில் சேர்க்கப்படுவதுண்டு. பட்டாசு மருந்தில் பெர்குளோரேட்டு உப்புகளும் பயன்படுகின்றன.

பெர்குளோரேட்டு நீரில் மிக எளிதாகக் கரையும், மண்துகளில் ஒட்டாது, நீர் செல்லுமிடமெல்லாம் உடன் செல்லும். உடலில் சேர்ந்தால், தைராய்டு சுரப்பி அயோடினை ஏற்பதைத் தடுக்கும். கருவுற்ற பெண்களுக்கும் கருவிலுள்ள குழந்தைக்கும் பச்சிளங்குழந்தைகளுக்கும் இதனால் கேடு மிகுதி. மூளை வளர்ச்சிக்குத் தைராய்டு சுரப்புநீர் இன்றியமையாதது. இந்த உப்பு கொதிக்க வைத்தாலும் நீங்காது. நீர் ஆவியாகக் குறையக் குறைய, எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும்.

சிவகாசியிலும் மதுரையிலும் எடுக்கப்பட்ட நீரை ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2013ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நிலத்தடி நீர் மாதிரிகள் 60 அதில் சோதிக்கப்பட்டன. பட்டாசு ஆலைகள் உள்ள பகுதியில் பெர்குளோரேட்டின் அளவு பிற இடங்களைவிட மிகுந்திருந்தது. மிக உயர்ந்த அளவு லிட்டருக்கு 7,690 மைக்ரோகிராம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அப்போது குடிநீருக்கு வழிகாட்டிய அளவு லிட்டருக்கு 15 மைக்ரோகிராம். சிவகாசியின் நிலத்தடி நீர் மாதிரிகளில் 17 விழுக்காடு அவ்வளவைத் தாண்டின. உலக நலவாழ்வு நிறுவனம் பின்னர் வகுத்த 70 மைக்ரோகிராம் என்னும் தளர்ந்த அளவைக் கொண்டு பார்த்தாலும், அந்த உயர்ந்த அளவு நூறு மடங்குக்கும் மேற்பட்டது.

இவ்வாய்வைப் படிப்போர் ஒன்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். அது நீரை அளந்தது, நோயை அளக்கவில்லை. சிவகாசிக் கிணறுகள் எல்லாம் நஞ்சு என்று அது கூறவில்லை. மதிப்பீட்டை மேலும் தொடர வேண்டும் என்றே கூறியது. ஆய்வுக்கு அப்பாற்பட்ட அச்சம் எவ்வளவு தவறோ, அவ்வளவு தவறு ஆய்வு சொன்னதைக் கேளாதிருப்பதும்.

தெரிந்து தெளிவோம்

இந்தியக் குடிநீர்த் தரத்தை வகுப்பது ஐ.எஸ். 10500 : 2012 என்னும் தர ஆவணம். குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமும் ஆர்செனிக், ஈயம் ஆகியவை ஒவ்வொன்றும் 0.01 மில்லிகிராமும் மிகலாகாது என்பது அதன் வரையறை. பெர்குளோரேட்டு அப்பட்டியலில் இடம்பெறவில்லை. ஊராட்சிகளில் பயன்படும் களச்சோதனைப் பெட்டி கடினத்தன்மை, குளோரைடு, ஃபுளூரைடு, இரும்பு, நைட்ரேட்டு போன்றவற்றைக் காட்டும், பெர்குளோரேட்டைக் காட்டாது.

சோதிக்கப்படாததும் தூய்மையும்

மேற்கண்ட செய்தியில்தான் சிற்றூர் மக்களின் இடர் பொதிந்துள்ளது. ஊராட்சிக் கிணற்று நீரைச் சோதித்து, "குடிக்கத் தக்கது" என்று ஒரு சான்று வழங்கப்படுகிறது எனக் கொள்வோம். அச்சான்றின் பொருள், சோதித்த பொருள்கள் அளவுக்குள் உள்ளன என்பதே. சோதிக்காத பொருளைப் பற்றி அது ஒன்றும் கூறுவதில்லை. ஆனால், அதைக் கையில் வாங்குவோர் முழுத் தூய்மைக்கான உறுதியாகவே அதனைக் கொள்கின்றனர்.

கரிசல் மக்கள் தலைமுறை தலைமுறையாக நாவையே சோதனைச் சாலையாகக் கொண்டிருந்தனர். சவர்த் தண்ணீர்க் கிணறு எது, நல்ல தண்ணீர்க் கிணறு எது, எந்த நீரில் பருப்பு வேகும், எந்த நீரில் வேகாது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அவ்வறிவு உயர்ந்தது, ஆனால் இயற்கை உப்புகளுக்கு உரியது. இனிக்கும் கிணற்றிலும் இந்நஞ்சு இருக்கக்கூடும். நா தோற்குமிடத்தில் கருவி வரவேண்டும். கருவி வாராத ஊரில் மக்கள் நம்பிக்கையைக் குடிக்கின்றனரே அன்றி, நல்ல நீரைக் குடிக்கின்றனர் என்று உறுதி கூற இயலாது.

பிற ஊர்கள் கற்பித்த பாடம்

கழிவு தொழிலைவிட நீண்ட ஆயுள் உடையது. இராணிப்பேட்டையில் 1970களின் இடையில் தொடங்கிய குரோமேட்டு ஆலை ஒன்று 1990களின் இடையில் மூடப்பட்டது. ஆலை இயங்கியது ஏறத்தாழ இருபது ஆண்டுகள். அது விட்டுச்சென்ற இரண்டு இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவோ, ஆலை மூடிய பின்னும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கேயே குவிந்து கிடந்தது. ஒவ்வொரு மழையும் அதிலிருந்து அறுமதிப்புக் குரோமியத்தைக் கரைத்து நிலத்துக்குள் இறக்கியது. ஆலையில் பெற்ற ஊதியம் நின்றுவிட்டது. நீருக்கு வந்த கேடு நிற்கவில்லை.

இராசத்தான் மாநிலத்தின் உதயப்பூர் மாவட்டத்தில் பிச்ரி என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு 1980களின் இறுதியில் 'எச்' அமிலம் என்னும் சாயப் பொருளுக்கான மூலப்பொருள் செய்யப்பட்டது. 375 டன் பொருளைச் செய்வதில் ஏறத்தாழ 2,440 டன் நச்சுச் சேறு விளைந்தது. அது திறந்தவெளியில் கொட்டப்பட்டது. மழைநீரோடு இறங்கிய நஞ்சால் சுற்றுவட்டாரக் கிணற்று நீர் நிறம் மாறிற்று. மனிதரும் கால்நடையும் பயன்படுத்த இயலாததாயிற்று. கேடு விளைத்தவரே சீரமைக்கும் செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. 2011ஆம் ஆண்டிலும், 37 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகையை வட்டியுடன் செலுத்துமாறு அதே நீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது. வழக்கில் வெற்றி கண்ட ஊருக்கும் நீர் திரும்பிவர எத்தனை காலம் ஆகிறது என்பதைப் பிச்ரி காட்டுகிறது.

கோவில்பட்டி அடங்கிய தூத்துக்குடி மாவட்டத்திலேயே மற்றொரு பாடம் உண்டு. தூத்துக்குடித் தாமிர உருக்காலைக்கு இசைவைப் புதுப்பிக்க 2018 ஏப்ரலில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மறுத்தது. உப்பாற்றங்கரையில் கொட்டிய தாமிரக் கசடை அகற்றாமை அதற்குக் கூறிய காரணங்களுள் ஒன்று. சுற்றியுள்ள ஆழ்துளைக் கிணறுகளின் நீராய்வு அறிக்கையை அளிக்காமை மற்றொன்று. அவ்வாண்டு மே மாதம் மக்கள் போராட்டத்தின்போது காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். ஆலையை மூடிய நடவடிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2020இல் உறுதிசெய்தது. ஆலை நிறுவனத்தின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தள்ளுபடி செய்தது. கிணற்று நீரின் அளவுகள் ஆண்டுதோறும் ஊரார் முன் வைக்கப்பட்டிருப்பின், ஐயமும் சினமும் அத்துணை ஆழமாக வேரூன்றியிருக்குமா என்று எண்ணிப் பார்த்தல் தகும்.

பிழைப்பா, நீரா?

இவ்விடத்தில் ஓர் எதிர்வாதம் எழும். மழை பொய்த்த ஆண்டுகளில் கரிசல் குடும்பங்களின் அடுப்பை எரியவைத்தவை 'தீப்பெட்டி ஆபீஸ்' என்று ஊரார் வழங்கும் சிற்றாலைகளே. அங்கு வேலை செய்வோரில் பெரும்பாலோர் பெண்கள். கழிவைப் பற்றிப் பேசினால் ஆலை மூடப்படும். ஆலை மூடினால் சோறு இல்லை. கண்ணுக்குத் தெரியாத நஞ்சைவிடக் கண்ணெதிரே நிற்கும் பசி கொடிது. இவ்வாதத்தைச் சொல்வோர் பொய்யர் அல்லர். அவர்களது அச்சமும் எளிதானதன்று.

எனினும், இவ்வாதம் இல்லாத ஒரு போட்டியைப் படைக்கிறது. ஆலையருகே குடியிருப்பவர் யார்? அங்கு வேலை செய்பவரே. அங்குள்ள கிணற்று நீரை நாள்தோறும் புழங்குபவர் யார்? அவரும் அவர் பிள்ளைகளுமே. பொருள் படைத்தவர் குடிநீரைக் கேன்களில் வாங்கிக்கொள்வர். எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் நீரைத் தூய்மையாக்கும் கருவியை வீட்டில் பொருத்திக்கொள்வர். கூலி பெறுபவருக்கு அவ்வழி இல்லை. ஆகவே பிழைப்பைக் காட்டி நீரை மறக்கச் சொல்வது, ஊதியத்தின் ஒரு பகுதியைத் தொழிலாளரின் உடல்நலத்திலிருந்தே பிடித்தம் செய்வதாகும்.

மேலும், கழிவை முறையாகக் கையாள்வதற்காக ஆலைகளை மூடவேண்டியதில்லை. அபாயகரமான கழிவுகளுக்கான 2016ஆம் ஆண்டு விதிகளின்படி, அத்தகைய கழிவை ஓர் ஆலை தன்னிடத்தில் 90 நாள்களுக்கு மேல் பொதுவாக வைத்திருத்தல் ஆகாது. அது சென்றுசேரும் இடம் வரை கணக்கு இருக்க வேண்டும். கும்மிடிப்பூண்டி போன்ற இடங்களில் அடியில் காப்புப் படலம் இட்ட பொதுக் கிடங்குகள் உள்ளன. பத்துப் பேர் வேலை செய்யும் சிற்றாலை தனித்துச் செலவை ஏற்பது கடினமே. அதற்காகக் கழிவைக் கல்குழியில் கொட்டலாம் என்பது முடிவாகாது. சிற்றாலைகள் கூடிப் பொதுநிதி அமைத்து, கழிவைச் சேர்த்து அனுப்ப வேண்டும் என்பதே முடிவாகும்.

மெய்ப்பிக்கும் கடமை

"நோய் வந்ததாகச் சான்று உண்டா?" என்று சிற்றூர் மக்களைக் கேட்பது வழக்கமாகிவிட்டது. இக்கேள்வி தவறான முகவரிக்குச் செல்கிறது. ஒரு பொருளைத் தருவிப்பவரும் கலப்பவரும் கழிவாக வெளியே விடுபவரும் அதன் இயல்பை அறிந்தவர்கள். கிணற்றில் வாளி விடும் பெண்ணுக்கு அதன் பெயரும் தெரியாது. அறிந்தவரை விட்டுவிட்டு அறியாதவரிடம் சான்று கேட்பது எவ்வாறு நீதியாகும்?

வேலூர் மாவட்டத் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கில், 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இக்கேள்விக்கு விடையளித்துவிட்டது. கேடு நேருமுன் காத்தல் வேண்டும். மாசுபடுத்தியவரே ஈடுசெய்தல் வேண்டும். தம் செயல் தீங்கற்றது என மெய்ப்பிக்கும் கடமை தொழில் செய்பவருக்கே உரியது. இம்மூன்றும் அத்தீர்ப்பு நாட்டுச் சட்டத்தில் நிலைநிறுத்திய கோட்பாடுகள். அவை நூலகத்துச் சட்டப்புத்தகத்திலிருந்து ஊராட்சி அறிவிப்புப் பலகைக்கு வந்தாக வேண்டும்.

அதற்குச் செய்ய வேண்டியவை அரியன அல்ல. ஒரு வட்டாரத்தில் எத்தொழில் நடக்கிறதோ, அத்தொழிலின் வேதிப்பொருள்கள் அவ்வட்டாரத்து நீர்ச்சோதனைப் பட்டியலில் சேரவேண்டும். தீப்பெட்டி, பட்டாசுத் தொழில் உள்ள ஊர்களில் பெர்குளோரேட்டும் குரோமியமும் கட்டாயம் சோதிக்கப்பட வேண்டும். சோதனை ஆண்டுக்கு இருமுறை, ஐப்பசி மழைக்கு முன்னும் மழை ஓய்ந்த பின்னும் நிகழ வேண்டும்; வெடிப்பின் வழியே இறங்கியது எது என்பதை அவ்வொப்பீடே காட்டும். முடிவுகளை எளிய தமிழில் எழுதி ஊராட்சிப் பலகையில் ஒட்டுவதோடு, உலக நீர் நாளாகிய மார்ச் 22 அன்று கூடும் கிராமசபையில் உரக்கப் படிக்க வேண்டும். அளவு மிகுந்த கிணறு கண்டறியப்பட்டால், முதலில் மாற்று நீர், பிறகே விசாரணை. செலவைக் கழிவை உண்டாக்கும் தொழில் ஏற்க வேண்டும்.

ஊரின் பங்கும் சிறிதன்று. பாழுங்கிணறுகளையும் கல்குழிகளையும் கணக்கெடுத்து, அவற்றில் எதனையும் கொட்டவிடாமல் காப்பது ஊராரால் இயலும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இலிருந்து நடைமுறையில் உள்ளது. அரசு அலுவலகத்தில் உள்ள நீராய்வு அறிக்கையை எந்தக் குடிமகனும் கேட்டுப் பெறலாம். கேளாத ஊருக்கு அறிக்கை தானாக நடந்து வருவதில்லை.

அன்று நாவைக் கொண்டு செய்த சோதனையை இன்று கருவியைக் கொண்டு ஊர் கூடிச் செய்தல் வேண்டும். கழிவை உண்டாக்கியவர் கணக்குக் காட்டட்டும்; அரசு அளந்து சொல்லட்டும்; ஊர் கேட்டுத் தெளியட்டும். குடிக்கும் நீரைப் பற்றிய உண்மையை அறிவது மக்களுக்குக் காட்டும் சலுகை அன்று, அவர்களது பிறப்புரிமை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள பயன்படும் கிணறுகள், பாழுங்கிணறுகள், கல்குழிகள் ஆகியவற்றைக் குறித்து ஒரு வரைபடம் உருவாக்குக.

2. "சோதிக்கப்படாத நீர், தூய நீர் ஆகிவிடாது" என்னும் கருத்தை விளக்கி, ஊராட்சித் தலைவருக்குக் கடிதம் எழுதுக.

3. 'பிழைப்பா, நீரா என்னும் வினாவே தவறு' என்னும் தலைப்பில் வகுப்பறையில் இரு குழுக்களாகப் பிரிந்து கலந்துரையாடுக.